நான் ஜெபிக்க வேண்டாம் என்று நீ சொன்ன பிறகு

என் அன்பு மகனுக்கு,

நான் எழுதும் கடிதங்களின் நெற்றியில் எப்போதும் ஒரு வேதவசனம் இருக்கும் என்பதை நீ அறிவாய். விடுதியில் தங்கி நீ படித்த நாள்களில், கையில் கைப்பேசி இருந்தும் மாதம் ஒரு கடிதம் எழுதுவேன். "எலே, உனக்க அம்மைக்க கடிதம் வந்தாச்சு, இந்த மாசம் என்ன வசனமாக்கும்?" என்று உன் கூட்டுக்காரர்கள் கேலி செய்வார்கள் என்று நீயே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறாய். இந்தக் கடிதத்தில் வசனம் இல்லை. மூன்று வசனங்களைத் தேர்ந்தெடுத்தேன், மூன்றையும் அடித்துவிட்டேன். மூன்றும் உன்னைத் திருத்துவதற்கென்று என் மனம் பொறுக்கி எடுத்தவை. அதைக் கண்டுகொள்ள எனக்கு ஐம்பத்தெட்டு வயது ஆக வேண்டியிருந்தது.

சென்ற ஞாயிற்றுக்கிழமை நம் சபையில் உன் திருமண அறிவிப்பின் மூன்றாம் ஓலை வாசிக்கப்பட்டது. இந்த விவாகத்துக்குத் தடை சொல்ல எவரேனும் உண்டோ என்று போதகர் கேட்டபோது, சபை அமைதியாக இருந்தது. உன் அப்பா என் பக்கமாகத் திரும்பிப் புன்னகைத்தார். சபையில் எவரும் சொல்லாத தடையை நீ வீட்டில் எனக்குச் சொன்னாய். மரச்சீனிக்கிழங்கும் மீன்குழம்பும் பரிமாறிக்கொண்டிருந்தேன். நீ தட்டைப் பார்த்தபடியே சொன்னாய்: "அம்மா, கல்யாணத்தன்னைக்கு வீட்டிலேருந்து இறங்கச்சில மாமா ஜெபம் பண்ணட்டு. நீங்க பண்ணண்டாம்."

நான் ஏன் என்று கேட்டேன். நீ எழுந்துபோய்க் கை கழுவினாய். பதிலை உன் அப்பா சொன்னார்: "நீ ஜெபம் பண்ணி முடிக்கியதுக்குள்ள பொண்ணு வீட்டுக்காரங்க பந்தி முடிச்சு வீட்டுக்குப் போயிருவாவ." அவர் நகைச்சுவையால் அந்த நிமிடத்தைக் கடத்திவிட நினைத்தார். நானோ அகப்பையைக் குழம்புச் சட்டியில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டேன். நீ மாலை ரயிலில் எர்ணாகுளத்துக்குத் திரும்பிய போது, வாசல்வரை வந்தேனே தவிர, உன் முகத்தைப் பார்த்து விடை கொடுக்கவில்லை. அதற்காக முதலில் என்னை மன்னித்துக்கொள்.

மணமகன் வீட்டைவிட்டு இறங்கும்முன் பாய் விரித்து முழங்காலிடுவதும், வீட்டார் ஒருவர் தலைமேல் கை வைத்து ஜெபிப்பதும் நம் குடும்பங்களில் எத்தனை பெரிய காரியம் என்று உனக்குத் தெரியும். அந்த ஜெபத்துக்காக நான் நான்கு மாதங்களாக ஆயத்தப்பட்டிருந்தேன். நீல அட்டை நோட்டுப்புத்தகத்தில் நான்கு பக்கம் எழுதி, திருத்தி, மறுபடி எழுதி வைத்திருந்தேன். நீ போன மறுநாள், உன் சொல் எவ்வளவு அநியாயமானது என்று எனக்கு நானே நிரூபித்துக்கொள்வதற்காகவே அந்த நோட்டை எடுத்து வாசித்தேன். முதல் பக்கம் அழகாக இருந்தது. இரண்டாம் பக்கமும் அப்படியே. மூன்றாம் பக்கத்தின் நடுவில் இப்படி ஒரு வாக்கியம் இருந்தது: "மதிமயக்கும் பாதாளக் குழியினின்று இவனது கால்களைத் தூக்கியெடுத்து, இந்த மணநாளின் மேட்டில் நிறுத்திய தயாபரரே." என் கையெழுத்துத்தான். உன் மணநாளில், உன்னை அழைத்துப்போக வந்த மாமனார் வீட்டாரும் ஊராரும் சூழ்ந்து நிற்கையில், அதை உரத்த குரலில் வாசிக்க இருந்தவள் நான்தான். நோட்டை மூடிவிட்டேன்.

என் சொற்கள்மேல் எனக்கு உள்ள கர்வம் எங்கிருந்து வந்தது என்பதை நான் உனக்கு முழுமையாகச் சொன்னதில்லை. ஏழாம் வகுப்போடு என் பள்ளிப்படிப்பு நின்றது; அதுவும் மலையாளப் பள்ளி. தமிழ் எழுத்தை எனக்கு எவரும் சொல்லித்தரவில்லை. சபையில் பாடும் பாட்டுகள் எனக்கு மனப்பாடம். பாட்டுப்புத்தகத்தை விரித்து, பாடப்பாட ஒவ்வொரு எழுத்தின்மேலும் விரலை நகர்த்தி, இந்த ஒலிக்கு இந்த வடிவம் என்று நானே கண்டுபிடித்தேன். ஓர் ஆண்டில் வேதாகமத்தை வாசிக்கும் அளவுக்கு வந்துவிட்டேன். பிறகு அண்டியாபீசில் முந்திரிப்பருப்புக்குத் தோல் உரிக்கும் வேலைக்குப் போனபோது, அங்கிருந்த பெண்கள் எனக்குரிய பங்கைத் தாங்களே உரித்துத் தந்து, என்னை வாசிக்கச் சொல்வார்கள். "இவளுக்க வாயில தமிழு என்ன அழகாட்டு வருது!" என்று ஒருத்தி சொன்ன நாள், நான் வீட்டுக்கு நடந்து வரவில்லை, மிதந்து வந்தேன். கற்றவர்கள் பலரும் இருக்கும் சபையில், ஜெபம் என்று வந்தால் மட்டும் எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். எனக்குக் கிடைத்த ஒரே பட்டம் அது. அதை நான் தேவனுக்கு உரியது என்று வாயால் சொன்னேன். மனத்தில் எனக்கென்று வைத்துக்கொண்டேன்.

நம் வீட்டுச் சந்தியா ஜெபத்தை நீ மறந்திருக்க மாட்டாய். ஒரு பாட்டு, ஒரு சங்கீதம், பின்பு என் ஜெபம். பகலில் உன் அப்பாவிடம் நேரடியாகச் சொல்லத் துணியாத குறைகளையெல்லாம் அந்த ஜெபத்தில் வைப்பேன். "தேங்காய் பறிக்க ஆள் ஏற்பாடு செய்ய மூன்று வாரமாக மறந்துபோன உமது அடியானுக்கு ஞாபகசக்தியைத் தந்தருளும்" என்று நான் ஒருமுறை மன்றாடியபோது, அவர் கண்ணைத் திறந்து, "எடீ, நாளைக்கே ஆள விளிக்கேன். ஆண்டவரை என்னத்துக்கு இதுக்குள்ள இழுக்கிய? ஆமென் சொல்லு, சோறு ஆறுது" என்றார். நீ பாயில் உருண்டு சிரித்தாய். நான் அன்று சினந்தேன். ஆயினும் அந்த வழக்கத்தை விடவில்லை. முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வதில் ஒரு வசதி உண்டு, மகனே. எதிரில் இருப்பவர் மறுத்துப் பேச முடியாது. அந்த வசதிக்கு நான் பக்தி என்று பெயரிட்டிருந்தேன்.

அதன் பயனை நீ அனுபவித்த நாளுக்கு வருகிறேன். ஏழு ஆண்டுகளுக்கு முன்பு, நெய்யாற்றின்கரையில் ஏ.சி. பழுதுபார்க்கும் கடையில் உனக்கு வேலை கிடைத்திருந்த காலம். ஒரு சனிக்கிழமை முற்பகல், உன் அப்பா வெட்டிக் கொண்டுவந்த ரப்பர்பாலை உறையவைத்து, நானும் நீயும் ஷீட் அடித்துக்கொண்டிருந்தோம். நீ இயந்திரத்தின் கைப்பிடியைச் சுற்றினாய். நான் மறுபக்கம் வெளிவரும் ஷீட்டைத் தாங்கிப் பிடித்தேன். திடீரென்று சுற்றுவதை நிறுத்திவிட்டு, "அம்மா, ஒரு காரியம் சொல்லட்டா, கோவப்படப்பிடாது" என்றாய். உன் குடிப்பழக்கத்தைக் குறித்து எனக்குச் சந்தேகம் இருந்தது. உன் சட்டைகளைத் துவைப்பவள் நான். ஆனால் நீ சொன்னது வேறு. "நாப்பது நாளாச்சு அம்மா. தொடல்ல. ஆருட்டயும் சொல்லண்டாம். எனக்கே இன்னும் நம்பிக்கை வரல்ல." நான் ஈரக்கையோடு உன் கன்னத்தைத் தொட்டு, சொல்ல மாட்டேன் என்றேன். நீ மறுபடியும் கைப்பிடியைச் சுற்றத் தொடங்கினாய். அன்று அடித்த ஷீட்டுகள் எல்லாம் ஒரே கனத்தில் வந்தன.

என் வாக்கு ஆறு நாள் நின்றது. வெள்ளிக்கிழமை ரோஸ்லெட் வீட்டில் பெண்கள் கூடி ஜெபிக்கும் முறை. ரோஸ்லெட் என்னோடு அண்டியாபீசில் வேலை பார்த்தவள், நல்ல மனம் உடையவள். "அக்கா, உங்க ஜெபம் கேட்டாத்தான் கூட்டத்துக்கு வந்த மாதிரி ஒரு நிறைவு உண்டு" என்றாள். நான் எழுந்தேன். எனக்குள் நன்றி பொங்கிக்கொண்டிருந்தது, அது பொய்யில்லை. "மதுவின் விலங்குகளை முறித்து, என் ஏக புத்திரனை எனக்குத் திரும்பக் கொடுத்தவரே" என்றேன். "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று பெண்கள் விம்மினார்கள். அந்த விம்மலைக் கேட்டதும் நான் நிறுத்தியிருக்கலாம். அதற்குப் பதிலாக இன்னும் இரண்டு வாக்கியங்களை, முன்னதைவிட அழகாக, அமைத்தேன். முதல் வாக்கியம் நன்றியால் வந்தது. மற்ற இரண்டும் அவர்களுடைய விம்மலுக்காக வந்தன. இந்த வேறுபாட்டை அன்றே நான் உணர்ந்தேன் என்பதுதான் என் குற்றம்.

ஜெபம் முடிந்து, கட்டன்சாயாவும் பழம்பொரியும் வந்தன. ஒருத்தி குரலைத் தாழ்த்தி, "அக்கா, பையன் எத்தன வருசமா குடிச்சிட்டு நடந்தான்? நமக்கு தெரியவே இல்லியே" என்று கேட்டாள். கடித்த பழம்பொரியைத் தட்டிலேயே திரும்ப வைத்தேன்.

திங்கட்கிழமை உன் கடையில் நடந்ததை நான் பின்னால்தான் அறிந்தேன். ரோஸ்லெட்டின் தம்பி அங்கேதானே வேலை செய்தான். "எலே, வெலங்கு முறிஞ்சுதாமே! உனக்க அம்மைக்க ஜெபத்தில கேட்டாவளாம். அப்பம் இன்னைக்கு சாயந்திரம் உனக்க பங்கு எனக்காக்கும்" என்று எல்லார் முன்னிலும் சிரித்திருக்கிறான். அன்று சாயந்திரம் நீ குடித்துவிட்டு வந்தாய். வாசலில் நின்று நீ கேட்டதை நான் ஒரு சொல்லும் மாறாமல் வைத்திருக்கிறேன்: "அம்மா, நீங்க அத ஆண்டவர்ட்ட சொன்னியளா, ஊருக்கிட்ட சொன்னியளா?"

நான் அப்போது அழுதிருக்கலாம். தவறு செய்துவிட்டேன் மக்கா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் சொன்னது, "கர்த்தர் செய்த நன்மையைச் சாட்சியாகச் சொல்லாமல் மறைப்பது பாவம்" என்பது. அதோடு நில்லாமல், நீ குடித்து வந்ததைக் காட்டி, உன் விசுவாசக் குறைவைப் பற்றியும் பேசினேன். என் தவறை உன் தவறால் மூடினேன். அடுத்த மாதமே நீ எர்ணாகுளத்துக்கு வேலை மாறிப் போய்விட்டாய். அதன்பின் வாரந்தோறும் தொலைபேசியில் பேசினோம். மழையைப் பற்றி, அப்பாவின் முட்டுவலியைப் பற்றி, ரப்பர் விலையைப் பற்றி. நீ மரியாதைக் குறைவாக ஒரு நாளும் பேசியதில்லை. ஆனால் ரப்பர் இயந்திரத்தின் அருகில் நின்று பேசிய அந்தப் பிள்ளை பிறகு என்னிடம் வரவில்லை.

நான்கு மாதங்களுக்கு முன், நிச்சயத்துக்குப் பின்பு, ஷீபா தன் தாயோடு ஒற்றசேகரமங்கலத்திலிருந்து நம் வீட்டுக்கு வந்திருந்தாள். வாழைக்காய் நறுக்க எனக்கு உதவியபடி, மிக இயல்பாகச் சொன்னாள்: "மாமி, சேட்டன் எனக்கிட்ட ஒண்ணும் ஒளிக்கல்ல கேட்டேளா. பண்டு குடிச்சது, விட்டது, மறுபடியும் விழுந்தது, எல்லாம் சொல்லிட்டுத்தான் சம்மதமான்னு கேட்டாரு. இப்பம் விட்டு மூணு வருசமாச்சுல்லா. மாமிக்கு எவ்வளவு சந்தோசமா இருக்கும்!"

"ஆமா மக்களே, இருக்காதா பின்ன" என்று சொன்னேன். எனக்குத் தெரிந்ததுபோல நடித்தேன். மூன்று ஆண்டுகள், மகனே! ஒரு தாயின் வாழ்நாளில் இதைவிட நல்ல செய்தி என்ன உண்டு? அதை நீ உன் தாயிடம் சொல்லவில்லை. கெட்ட செய்தியைப் பிள்ளைகள் மறைப்பதுண்டு. நீ நல்ல செய்தியை என்னிடமிருந்து காப்பாற்றி வைத்திருந்தாய். அவ்வளவு தூரம் என் நன்றியறிதல் உன்னை அச்சுறுத்தியிருக்கிறது.

அந்த வாரமே ரோஸ்லெட் கூட்டத்தில், "அக்கா, மகனுக்கு கல்யாணம் ஒத்து வந்திருக்கு, ஒரு ஸ்தோத்திர ஜெபம் ஏறெடுங்க" என்றாள். நான் எழுந்து நின்று, மழைக்காகவும் நோயாளிகளுக்காகவும் இரண்டு வார்த்தை சொல்லி உட்கார்ந்துவிட்டேன். "என்ன அக்கா, இன்னைக்கு கரண்டு போயாச்சா?" என்று அவள் கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உன் மூன்று ஆண்டுகள் என் நெஞ்சில் கனமாக இருந்தன, வெளியே விடவில்லை. அதன்பின் நான் மாறிவிட்டேன் என்று நம்பினேன். அதனால்தான் சென்ற ஞாயிறு நீ சொன்னது என்னை அவ்வளவு சுட்டது: நான்கு மாதம் வாயடக்கிய எனக்கு இதுவா கைம்மாறு என்று. நோட்டின் மூன்றாம் பக்கம் சாட்சி சொல்லியிராவிட்டால், நீ என்மேல் அநியாயம் செய்தாய் என்றே சாகும்வரை எண்ணியிருப்பேன். கூட்டத்தில் அடக்கியதை நான் நோட்டில் சேர்த்துவைத்துக்கொண்டிருந்தேன்.

புத்திமதி சொல்லாமல் ஒரு கடிதத்தை முடிக்க எனக்குத் தெரியாது என்று நீ நினைப்பாய், உண்மைதான். ஆகையால் நான் தோற்ற இடங்களிலிருந்து மட்டும் சிலவற்றைச் சொல்கிறேன். ஷீபாவோடு சேர்ந்து ஜெபிக்கும்போது, அவளைத் திருத்துவதற்கு அந்த நேரத்தை ஒருபோதும் எடுத்துக்கொள்ளாதே. அவளிடம் சொல்ல வேண்டியது இருந்தால், ஜெபத்துக்கு முன்பே, அவள் பதில் சொல்லக்கூடிய விதத்தில், முகத்தைப் பார்த்துச் சொல், பிறகு முழங்காலிடு. அவள் மலையாளத்தில் ஜெபிப்பாள், சுருக்கமாகவும் ஜெபிப்பாள். முடிக்கும்வரை காத்திரு, உன் வாக்கியத்தை அவளுடையதோடு ஒட்டவைக்காதே. உங்கள் வீட்டுக்குள் அவள் உன்னிடம் மெதுவாகச் சொல்லும் எதுவும், தேவனுக்குக் கேட்டுவிட்டது என்று எண்ணிக்கொள். நீ அதை மறுபடியும் உரக்கச் சொல்ல வேண்டிய தேவை இல்லை. கதவை அடைத்துக்கொண்டு அந்தரங்கத்தில் வேண்டும்படி கர்த்தர் சொன்ன இடத்தை அண்டியாபீசில் நான் நூறு முறை உரக்க வாசித்திருக்கிறேன். உரக்க வாசித்ததாலோ என்னவோ, அது எனக்குச் சொல்லப்பட்டது என்று தோன்றவில்லை.

இன்னொன்று. நீ மறுபடியும் விழக்கூடும். விழமாட்டாய் என்று எழுதினால் அது உனக்கு இன்னொரு பாரமாகிவிடும். அப்படி நேர்ந்தால், மூன்று ஆண்டும் வீணாயிற்று என்று எவரும் சொல்ல இடம் கொடுக்காதே, நீயும் சொல்லாதே. விசுவாசம் என்பதை நான் நெடுங்காலம் ஒரு பெரிய விடுதலையின் கதையாகவே நினைத்தேன்: இன்ன நாளில் விலங்கு முறிந்தது, எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள், கதை முடிந்தது. நீ வாழ்ந்து காட்டியது வேறு. வேலை முடிந்து கூட்டுக்காரர்கள் ஒரு பக்கம் திரும்ப, நீ தனியாக மறுபக்கம் நடந்து போயிருப்பாய். கைதட்ட ஆள் இல்லாத ஆயிரம் சாயந்திரங்கள். நான் ஒரு வெள்ளிக்கிழமைகூட அப்படி நடந்ததில்லை. இந்த ஒன்றில் நீ எனக்கு மூத்தவன்.

புதன்கிழமை நான் குன்னத்துகாலுக்குப் போய் உன் மாமாவைப் பார்த்தேன். மணநாள் ஜெபத்தை அவர்தான் செய்ய வேண்டும் என்றேன். அண்ணன் தன் காதை நம்பவில்லை. "நீ இருக்கச்சில நானா? எனக்க ஜெபம் ரெண்டு வரியில தீந்துபோவுமே!"

"அந்த ரெண்டு வரிக்கு வேண்டியாக்கும் அண்ணா நான் பஸ் ஏறி வந்தது."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். "பையனுக்கும் உனக்கும் ஏதும் உண்டா?"

நீண்ட பதில் ஒன்று, எழுவாய் பயனிலையோடு, என் நாவின் நுனிவரை வந்தது. "ஒண்ணும் இல்ல அண்ணா. அவனுக்கு மாமா ஜெபிக்கணும்னு ஒரு ஆசை. எனக்கும் அதுதான் இஷ்டம்" என்றேன். "அப்பம் சரி. ஆனா எடையில நின்னு திருத்தப்பிடாது" என்றார். ஒத்துக்கொண்டேன்.

நீல நோட்டிலிருந்து அந்த நான்கு பக்கங்களையும் கிழித்து இதனோடு வைத்திருக்கிறேன். அவை உன்னைப் பற்றியவை, ஆகவே உன்னுடையவை. இந்தக் கடிதமும் அப்படியே. என்னைப்போல் ஜெபிக்கும் தாய்மார் இதை வாசிப்பது நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் என் தோன்றுதல்களை நான் இப்போது நம்புவதில்லை. நீ சம்மதித்தால் மட்டுமே இது இன்னொருவர் கைக்குப் போகும். வேண்டாமென்றால் அடுப்பில் போடு. நான் காரணம் கேட்க மாட்டேன்.

கடைசியாக ஒரு விண்ணப்பம் உண்டு. திருமண நாளில் நீ பாயில் முழங்காலிட்டு, மாமா தம் இரண்டு வரியைச் சொல்லும்போது, நான் உன் பின்னால் நிற்பேன். முந்திரிக்கறை நகத்தில் இன்னும் போகாத இந்தக் கையை உன் தலைமேல் வைத்துக்கொள்ளலாமா? வாய் திறக்க மாட்டேன். இதற்கு நீ பதில் எழுத வேண்டாம், தொலைபேசியிலும் சொல்ல வேண்டாம். அந்த நேரத்தில் உன் தலை நிமிர்ந்தே இருந்தால், கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன். சற்றே குனிந்தால், வைப்பேன்.

உன் அம்மா